பாதியில் நிற்கும் முள்

இதய மாற்று என்று எழுதிவிடாதே.
சங்கிலிக் கப்பியில் ஆறு சிலிண்டரைத் தூக்கினேன்,
அது ஆடியது, எண்ணெய் சொட்டியது,
உதவிக்கு நின்ற ஃபெர்மின் காலை நகர்த்திக்கொண்டான்.
அவ்வளவுதான் நடந்தது.

ஃப்ரே பெந்தோஸில் இறைச்சி ஆலை மூடியபின்
மேலாளர் வீட்டு ஆல்டஸ் சீமாட்டி விற்றவை:
ஒரு பியானோ,
பதினோரு நாற்காலிகள்
(பன்னிரண்டாவது என்ன ஆனதென்று தெரியாது),
ஒரு ஜாகுவார்.
நாற்காலிகளைவிட மலிவாகப் போனது ஜாகுவார்.
பெட்ரோல் விலை அப்படி.

வாங்கியவர் இரியார்த்தே, மாட்டு வைத்தியர்.
தினம் இருநூறு கிலோமீட்டர், பாதிக்குமேல் சரளை.
"ஒஃபேலியா, இது குடிக்கிற குடியில்
நான் சம்பாதிப்பதெல்லாம் பங்க்காரனுக்கு.
டீசலுக்கு மாற்று."

உடைந்த அறுவடை இயந்திரத்தின் பெர்கின்ஸ் கிடைத்தது,
நான்கு சிலிண்டர்,
இடுக்குகளில் போன வருஷக் கோதுமை உமி.
எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது.
வெட்டினேன், பற்றவைத்தேன்,
மறுபடி இடித்தது.
பாரம் தாங்காமல் முன்சக்கரங்கள் அமுங்கி
கார் மேயக் குனிந்ததுபோல் நின்றது;
தடித்த சுருள்வில் தேடி சால்டோவரை போனேன்.
பிறகு பானட்.
மூன்று விரற்கடை மூட மறுத்தது.

அந்த வளைவை எவனோ ஒருவன்
கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிச்
சரிபார்த்திருப்பான், இங்கிலாந்தில்.
நான் அதில் ஓட்டை போட்டேன்.
ஓட்டைக்கு மேல் பால் கேன் மூடி ஒன்றை
வெட்டி, வளைத்து, அறைந்தேன்.
அழகில்லை. அசையாது.

முதல்முறை கிளப்பியபோது
மூன்று கண்ணாடிகளும் ஒரே சமயத்தில்
இல்லை இல்லை என்று தலையாட்டின.
வால்நட் பலகைமேல் வைத்த மாத்தே குடுவை
தானாக நடந்து, விளிம்பில் நின்று யோசித்து,
விழுந்தது.

சுற்று காட்டும் முள்ளுக்கென்று
தனியாக ஒரு பல்சக்கரம் கடைந்து மாட்டினேன்.
தேவையில்லை என்றார் இரியார்த்தே.
எனக்குத் தேவை என்றேன்.
ஐயாயிரத்துச் சொச்சம்வரை எண்கள் உள்ள வட்டத்தில்
இப்போது அது இரண்டாயிரத்து அறுநூறில் நிற்கும்.
மீதி எண்கள்
விருந்தாளி வராத அறைகள்.

ஜூலையில், பனி விழுந்த காலையில்,
லாஸ் தெரோஸ் பண்ணை வாசலில் திரும்பினார்.
முன்பெல்லாம் அந்தக் கார் ஓசையில்லாமல் வரும்,
அவர் பையோடு இறங்கியதும் மாடுகள் சிதறும்.
அன்று ஓடி வந்தன.
முந்நூறு ஹியர்ஃபோர்டு,
வெள்ளை முகங்கள், மூச்சுப் புகை,
தீவனம் கொண்டுவரும் டிராக்டரின் சத்தத்தை நம்பி
ஜாகுவாரைச் சூழ்ந்துகொண்டன.
பின்சீட்டுக்காரர்கள் சிற்றுண்டி வைக்க இருந்த
மடக்குப் பலகையை விரித்து
ஊசிகளை வரிசையாக வைத்தார்.
துரத்தல் இல்லை, கயிறு இல்லை.
மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

மாலை என்னிடம் வந்து
"பொய் சொன்னதுபோல் இருக்கிறது" என்றார்.
மறுநாளிலிருந்து டிக்கியில் இரண்டு கட்டு வைக்கோல்.
சிவப்புத் தோல் இருக்கையெங்கும் சருகு.

ஆல்டஸ் சீமாட்டியை மருந்துக்கடை வாசலில் பார்த்தேன்.
"டிராக்டரை ஊருக்குள் விடுகிறார்களா?"
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தபோது
கையுறையைக் கழற்றிப் பால் கேன் மூடிமேல் வைத்தாள்,
சட்டென்று எடுத்தாள்.
"சுடுகிறது.
ஹெர்பர்ட் இதை இவ்வளவு தூரம் ஓட்டியதே இல்லை."
நான் ஒஃபேலியா, நான்தான் செய்தேன் என்று
சொல்ல நினைத்தேன்.
ஆஸ்பிரின் வாங்க வரிசையில் நின்றேன்.

ஆறு சிலிண்டர் இங்கேதான் இருக்கிறது,
தார்ப்பாய்க்கு அடியில்.
மாதம் ஒருமுறை நீளக் கம்பி கொடுத்து
ஒரு சுற்று சுழற்றிவிடுகிறேன், இறுகிவிடாமல்.
கூலி கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை.
உள்ளே எங்கோ காற்று நசுங்கும் ஒலி.
"எதற்கு?" என்கிறான் ஃபெர்மின்.

கம்பியைப் பிடி, நழுவுகிறது.