வரவில்லை

எங்கள் பெண்கள் பதக்கப் போட்டி
செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு.
எந்தக் காலத்தில் யார் வைத்த நாளோ,
ஆண்கள் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டபின்
மிஞ்சியதில் ஒன்று.

நான் உனா கெடஸ்,
கார்விக் கோல்ஃப் மன்றத்தின் போட்டிச் செயலாளர்.
வெள்ளிக் கோப்பையில் என் பெயர்
ஏழு இடத்தில் இருக்கிறது.
துடைக்கிற முறை என்னுடையதென்றால்
அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாய் மின்னும்.

அறிவிப்புப் பலகையில் தாள்.
நூலில் கட்டிய பென்சில்.
ஆட வருகிறவர்கள் பெயர் எழுத வேண்டும்.
செங்கா ரென்னி எழுதினாள்,
தாள் கிழிகிற அழுத்தத்தில்.
மாதா மாதம் எழுதினாள்.
மாதா மாதம் காணோம்.

சிவப்பு மையில் நான்தான் குறிப்பேன்:
வரவில்லை.
பதினொரு முறை.
பன்னிரண்டாவதற்கு ஒரு கடிதம்
தட்டச்சு செய்து வைத்திருந்தேன்,
‘மற்றவர்களின் நேரத்தை மதித்து’ என்று தொடங்கி.

அந்த வாரம் என் கார் பட்டறையில்.
மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு
நாற்பத்தேழாம் எண் பேருந்தில் ஏறினேன்.
“போக மட்டுமா, திரும்பவுமா?”
நிமிர்ந்தால், செங்கா.
சீருடைக் கழுத்துப்பட்டியில்
எங்கள் மன்றத்தின் சின்னம், குண்டூசி அளவில்.

கடலோரச் சாலை.
பதினேழாம் குழியின் வேலி வந்ததும்
வண்டி தளர்ந்தது.
அங்கே நிறுத்தம் கிடையாது.
கொடி எந்தப் பக்கம் சாய்கிறதென்று
ஒரு பார்வை பார்த்தாள்.
“காத்து குறுக்கே அடிக்குது.
ஒரு எண் பெரிய மட்டையா எடுங்க.”

வர முடியாதென்று தெரிந்தும்
பெயர் எழுதுவானேன் என்று கேட்டேன்.
“யாராவது ஷிஃப்ட் மாத்திக்குவாங்கன்னு
ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.”

வேலைக்குப் போகிறவளுக்கு
எங்கள் செவ்வாய், வெறுவாய்.
அதற்குமேல் அவளும் பேசவில்லை,
இறங்குமிடம் வரை நானும்.

வரவில்லை என்று எழுதியிருக்கிறேன்.
நாற்பது நிமிடத்துக்கு ஒரு தரம்
வந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள்.

கடிதத்தைக் கிழித்தேன் என்று சொல்ல ஆசை.
இழுப்பறையில் போட்டேன்.
பிப்ரவரிக் கூட்டத்தில்தான் வாய் திறந்தேன்:
செவ்வாயோ ஞாயிறோ,
எந்த நாள் ஆடினாலும் ஒரே பட்டியல்.

“ரெண்டு நாளும் ஒரே காத்தா அடிக்கும்?”
இஸ்பெல் ட்ரெவர் கேட்டாள்.
“ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் மட்டும்
ஒரே காத்தா அடிச்சுது இத்தனை வருஷம்?”
இது எஃபி, பின்னலிலிருந்து தலை தூக்காமல்.
ஹேண்டிகேப் ஐம்பத்துநான்கு வரை விட்டால்
அவர்கள் முடிப்பதற்குள் இருட்டிவிடும் என்றது ஒரு குரல்.
அப்படியென்றால் ஒன்பது குழி ஆடட்டுமே
என்றது இன்னொன்று.
தேநீர் ஆறியது. பிஸ்கட் தீர்ந்தது.
ஏழுக்கு ஆறு.
ஏழாவது கை என்னுடையது.
மேசைக்கு மேலே வர நேரம் எடுத்தது;
கோப்பையில் எட்டாவது முறைக்கு
இடம் பார்த்து வைத்திருந்தேன்.

ஏப்ரல், முதல் ஞாயிறு.
மீன் தொழிற்சாலையிலிருந்து போஷெனா,
விரல்களில் குளிர்வெடிப்போடு.
இரவுப் பணி முடித்த செவிலி ஒருத்தி
காரிலேயே இருபது நிமிடம் தூங்கி எழுந்து வந்தாள்.
பதினாறு வயது மெர்ரன்,
அண்ணனின் நீண்ட மட்டைகளோடு
நூற்று முப்பத்தோரு அடி அடித்து
ஒன்றுவிடாமல் எண்ணி எழுதினாள்.

செங்கா பதினேழாம் குழியருகே குனிந்தபோது
நாற்பத்தேழு வந்தது.
ஓட்டியவன் ஹாரனை அமுக்கினான்,
நீளமாய், படகுகளுக்கெல்லாம் கேட்கும்படி.
பந்து குழியைத் தாண்டி மூன்றடி ஓடியது.
அவள் வாயில் வந்ததைக்
காற்று கடல்பக்கம் கொண்டுபோயிற்று.

இருபத்திரண்டு பேரில் அவள் பத்தொன்பது.
நான் ஒன்பது.
உறுத்தியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பேருந்து ஹாரன் பற்றி
விதிப்புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று
அன்றிரவு கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன்.
ஒன்றும் இல்லை.