ஆறு படுக்கையறை, கிழக்கு பார்த்தது

சர்ஜாபூர் சாலையில் இந்த வில்லாவைப்
பதினான்காவது முறையாகத் திறக்கிறேன்.
சாவி சுற்றும்போது உள்ளே ஏதோ
தொண்டையைச் செருமிக்கொள்கிறது.

கட்டியவர் எத்திராஜுலு, எலும்பு டாக்டர்.
ஒரு மகனுக்கு மாடி, ஒருவனுக்குக் கீழ்த்தளம்,
வரப்போகும் பேரப்பிள்ளைகளுக்காகப்
படிக்கட்டில் தாழ்வாக இன்னொரு கைப்பிடி.
மூத்தவன் ஹாலிஃபாக்ஸில்.
இளையவன் இதே ஊரில், கோரமங்கலாவில்,
நானூறு சதுர அடியில் இருக்கிறான்.
ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.
"ஆபீசுக்கு நடந்தே போயிடலாம்" என்றான்,
வேறு காரணம் வேண்டுமா என்பதுபோல.

காலையில் ஒரு ஜோடி. முப்பது தாண்டாதவர்கள்.
அந்தப் பெண் பாவனி ஹாலின் நடுவில் நின்று
ஒருமுறை கை தட்டிப் பார்த்தாள்.
சத்தம் போய்த் திரும்பி வந்தது.
"பாத்ரூம் எத்தனை?"
ஆறு மேடம்.
"ஞாயிற்றுக்கிழமை கழுவியே முடிஞ்சிடும்."
அவன் மெட்ரோவைக் கேட்டான்.
"வருது சார், வந்துக்கிட்டே இருக்கு."
பத்து வருடமாக அந்த ஒரு வாக்கியம்தான்
எங்கள் வீட்டு அரிசி.

மதியம் டாக்டர் போனில்:
"என்னப்பா ஜெரால்டு, பிடிச்சுதாமா?"
யோசிக்கிறாங்க சார்.
"படிக்கட்டு பர்மா தேக்குன்னு சொன்னியா?"
சொன்னேன் சார்.
சொல்லவில்லை.

சாயங்காலம் வந்தவர் ரெட்டி, பி.ஜி. நடத்துகிறவர்.
எதையும் பாராட்டவில்லை. டேப்பை இழுத்தார்.
மாஸ்டர் பெட்ரூமில் எட்டுக் கட்டில்.
ஹோம் தியேட்டரில் பத்து,
ஜன்னல் இல்லை, வாடகை கொஞ்சம் கம்மி.
பூஜையறையில் வாஷிங் மெஷின்.
மற்றதெல்லாம் பிளைவுட், பிளைவுட்.

நான் பிறந்தது தங்கவயலில்,
மைனிங் லைனில், பத்துக்குப் பத்து.
தட்டிக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால்
இந்தப் பக்கம் அம்மா சுடுதண்ணீர் வைப்பாள்.
சுரங்கத்தை மூடினார்கள்.
வரிசை வரிசையாகப் பூட்டு.
சம்பளம் போன பக்கம் எல்லோரும்
விடியற்கால ரயிலில் போனோம்.
யாரும் அந்த வீடுகளைக்
குற்றம் சொல்லவில்லை.

"காத்து வருமா இங்க?"
ரெட்டி நாளைய சுவருக்குச் சாக்பீஸில்
தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டைப் பற்றி முதல்முறையாக
எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.
தட்டியைக் கூரை வரைக்கும் அடிக்காதீங்க சார்.
மேலே ஒரு சாண் விடுங்க.