பைலா, பி பக்கம்

ஆண்டு என்ற கட்டத்தில் எண்பத்தொன்பது என்று இட்டேன்.
வெளியீட்டாளர் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் விரல் நின்றது.
டெரில் செலர், டச்பார், மட்டக்களப்பு.
அவனிடம் ஒரு ஸ்பெக்ட்ரம் இருந்தது, றப்பர் விசைகள்,
மாமா பஹ்ரேனிலிருந்து
சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது.
அதை நம்பி ஒரு கொம்பனியே நடப்பது போலத்தான்
அவன் பேச்சு.

அந்தக் காப்பகத்தில் ஆயிரம் ஆயிரமாய் விளையாட்டுகள்.
முட்டை பொறுக்குபவை, சுரங்கத்தில் விழுபவை,
ஒரு பல்கேரியன் தன் காதலிக்கு எழுதிய
பிறந்தநாள் வாழ்த்துக்கூட
இறங்கும், ஓடும், கண் இமைக்கமுன்.
'ஓடம்' இல்லை.
தேடினால்
எழுத்துப் பிழையா என்று கேட்கிறது.

நாடா என்னிடம்தான்.
ஜூனில் வெளிக்கிட்டபோது
தைக்காத சட்டைத்துணி ஒன்றில் சுற்றித் தந்தான்.
மேலே 'பைலா' என்று எழுதியிருந்தான்; அது அவன் கெட்டித்தனம்.
கல்லடிப் பாலத்தடியில்
அந்தக் கெட்டித்தனம்தான் என்னை மாட்டியது.
பைலா என்றதும் சிப்பாய்க்கு முகம் மலர்ந்து
தன் கசெற் றேடியோவில் போட்டான்.

கீ என்று ஒரே சுருதி.
மறுகா அந்த இரைச்சல்,
தகரத்தைக் கல்லில் இழுப்பதுபோல.
மேக்க மொகத?
என் நாக்கில் அந்த நேரம் வந்தது ஒன்றுதான்:
சிந்து கியன மாளு, சேர்.
பாடும் மீன். பௌர்ணமிக்கு
தண்ணிக்குள் துடுப்பை வைத்து எடுத்தது. கெம்பஸில் ஆராய்ச்சி, சேர்.

அவன் சிரித்தான். இன்னொருத்தனைக் கூப்பிட்டான்.
நிறுத்தப் போன விரல்
சிவப்புப் பொத்தானில் விழுந்தது.
இரண்டு வினாடி.

பர்னோ நகரத்திலிருந்து ஒந்த்ரேய் எழுதுகிறான்
(பகலில் ட்ராம் வண்டிகளுக்குக் கதவு பொருத்துகிறான்,
பழைய நாடாக்களைப் பொறுக்கிப் பைட்டாக்குவது
அவன் இரவு வேலை):
மூன்று நிமிடம் பதினோராவது வினாடியில்
ஒரு காகம் கத்துகிறது. யாரோ சிரிக்கிறார்கள்.
முந்நூற்றெண்பது பைட் போய்விட்டது.
அது மூன்றாம் திரையின் படம் என்று நினைக்கிறேன்.
அதில் என்ன இருந்தது, சொல்லுங்கள்,
நானே எழுதி ஒட்டிவிடுகிறேன்,
ஒருவருக்கும் தெரியவராது.

எனக்கு எப்படித் தெரியும்.
இரண்டாம் திரையில், முதலை வாய்க்குள்தான்
ஒவ்வொரு முறையும் என் ஓடம் போனது.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று டெரில்
பி-யை அழுத்து, பி-யை அழுத்தடி என்று கத்துவான்.
நான் ஓ-வை அழுத்துவேன்.
சுனாமிக்குப் பிறகு ஒருக்கால் டச்பாருக்குப் போய்ப் பார்த்தேன்.
மேசை என்ன மேசை,
தெரு எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை.
மெல்பனில் செலர்கள் பதினாலு பேரின் விலாசம் கிடைத்தது.
ஒன்பது பேர் பதில் போட்டார்கள்.
ஒருத்தரும் டெரில் இல்லை.
ஒரு அம்மா மட்டும் லவ் கேக் செய்முறை கேட்டிருந்தா.

ஒட்டவேண்டாம் என்று எழுதினேன்.
உள்ளதை உள்ளபடி அனுப்பச் சொன்னேன்.

நேற்றிரவு, கரண்ட் திரும்பிய பிறகு, வந்தது.
திரையோரம் சிவப்பும் வெளிர்நீலமும்,
மறுகா நீலமும் மஞ்சளுமாய்ப் பட்டை.
பிழை என்று நிற்கவேண்டிய இடத்தில்
ஒந்த்ரேய் ஒரு வாசல் வெட்டியிருந்தான்.
இருபத்தாறாம் தடவை முதலை என்னை விட்டது.

மூன்றாம் திரை.
வாவி இருக்கிறது. இக்கரை இருக்கிறது.
நடுவில், பாலத்தின் உயரத்துக்கு,
கறுப்பும் வெள்ளையுமாய்
யாரோ மணல் கொட்டிவிட்டுப் போனதுபோல:
அவன் சிரிப்பு,
அந்தக் காகம்,
எட்டு எட்டாய் வெட்டி அடுக்கியபடி.

பி-யை அழுத்தினேன்.
ஓடம் அதற்குள் போனது. முட்டவில்லை.
முட்டவேண்டுமென்று ஒருவரும் அதற்கு எழுதிவைக்கவில்லை.
மற்றப் பக்கம் வருமா என்று
விரலை எடுக்காமல் இருந்தேன்.

ஆக்கியோர் என்ற கட்டம் மிச்சம்.
டெரில் செலர் என்று எழுதி, ஒரு கொமா போட்டு,
பாலத்தடியில் நின்றவர்,
பெயர் தெரியாது.