ஐஸ் கொம்பனிக்கு அடுத்த கட்டடம்

ஏழு மணிக்கு மெசினை நிப்பாட்டச் சொல்லி
கடிதம் வந்தது, றப்பர் முத்திரை குத்தி.
பாசையூர்ச் சனசமூக நிலையத்தில் பியானோக் கச்சேரி,
இரண்டு மணித்தியாலம்.
இரண்டு மணித்தியாலம் நின்றால்
அறுபது பார் ஐஸ் கஞ்சியாகும்.
விடிய இறங்குகிற வள்ளங்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?
நான் இரவு வேலைக்காரன். எனக்குத் தெரிந்த இசை
கொம்பிரெசர் இருமுகிறதுதான்.

பியானோ கொன்வென்ற்றிலிருந்து லான்ட்மாஸ்டரில் வந்தது,
படங்கு போர்த்தி, வலைக்கயிறு சுற்றி.
கலியாணமோ செத்தவீடோ என்று விளங்காமல்
இரண்டு நாய் பின்னால் வந்தது.

வாசிக்க வந்தவ மட்டக்களப்புப் பறங்கி,
லோரெய்ன் பார்த்தலோட்.
செருப்பைக் கழட்டிவிட்டு
முதலில் எங்கடை மதிலில்தான் காதை வச்சா.
“நிப்பாட்டாதங்க மனே,
இது சரியான கணக்கிலதான் ஓடுது.”

பிறகு அவவின்ரை இடக்கை
எங்கடை மெசினோடு சேர்ந்து நடந்தது,
படகைக் கரையேற்றுகிற ஆக்கள் போல
ஏறி, வழுக்கி, திரும்பவும் ஏறி.
வலக்கை அதுக்கு மேலே
கூடையிலிருந்து கொட்டின சூடை.
பிளாஸ்ரிக் கதிரைகள் தாங்களாகவே அசைந்தன.

அடுத்தது புளூஸ். அறிவிப்பாளர்
“நீல இசை” என்று மொழிபெயர்த்தார்.
பின்வாங்கில் சிரிப்பு.
சிரிக்கத் திறந்த வாயை
ஜெனோவா அக்கா மூடவில்லை,
அந்தப் பாட்டு முடியுமட்டும்.

ஒரு கட்டை செத்துக் கிடந்தது.
ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் வெறும் ‘டொக்’.
எஞ்சின் திருத்துகிற எட்மனுக்குப் பொறுக்கவில்லை,
எழும்பிக் கத்தினான்:
“ஒரு பிளக் அடிக்கேல்லை!”
அவ திரும்பிப் பார்த்து
செத்த கட்டையையே நாலுதரம் தட்டினா.
அதுக்குப் பிறகு அந்த இடம் வந்தால்
முந்நூறு சனமும் கதிரையில் ஒரு அடி.

நான் பின்கதவைத் திறந்துபோட்டு, ஈரக்கையோடு,
அடிக்கக் கதிரை இல்லாமல்
தொடையில் அடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது மணிபோல மெசின் தானாக நின்றது.
குளிர் பிடித்தால் அப்படித்தான் நிற்கும்.
அவ இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு
எங்கடை மதிலைப் பார்த்தா.
முழுச் சனமும் பார்த்தது.
ஓடினேன். பதினொரு வருசத்தில் முதல்தரம்
அந்தப் பச்சைப் பொத்தானை
நேரம் பார்க்காமல் தாளம் பார்த்து அமத்தினேன்.

விடிய, கொப்பியில் எழுதினேன்:
9.04 மெசின் நின்றது. 9.05 ஓடியது.
கதவு திறந்து கிடந்ததில்
மூன்று பார் கரைந்தது.
அதை எழுதவில்லை.