பாதியில் போனவர்கள்

வெண்கலப் பலகையில்
ஐலி ரவுட்டியோ, ஒன்பதாவது தலைவர்
என்று பொறித்திருக்கிறார்கள்.
கீழே ஆண்டுகள். அதற்கும் கீழே
அறிவியல் கூடம், ஏரிக்கரை விடுதி,
ஒழுகாத கூரையோடு நூலகம்.

வெளியே சுப்பீரியர் ஏரி உறைந்து கிடக்கிறது.
அரங்கு முழுக்க ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை.
அறங்காவலர் ஒருவர்
"தொலைநோக்கு" என்ற சொல்லை
நான்காவது முறையாகச் சொல்கிறார்.

இசைத்துறையிலிருந்து யாரும் வரவில்லை.
இசைத்துறையே இல்லை.
அவர்தான் மூடினார், ஒரு புதன்கிழமை.
பியானோக்களை டிரக்கில் ஏற்றி முடியும்வரை
சன்னலை விட்டு நகரவில்லை.
அது பலகையில் இல்லை.

பலகையில் இல்லாதது இன்னொன்று:
மேசையின் இரண்டாம் இழுப்பறையில்
பச்சை அட்டை போட்ட நோட்டு.
பட்டம் வாங்காமல் போனவர்களின்
பெயர், ஊர், தொலைபேசி எண்.
கடைசியில் 'ஏன்' என்று ஒரு கட்டம்.
அப்பாவுக்குச் சுரங்கத்தில் கால் போனது.
குழந்தை.
இருநூற்றுப் பதினெட்டு டாலர் பாக்கி.
தெரியவில்லை.
தெரியவில்லை.

பிப்ரவரி வந்தால் வரிசையாகக் கூப்பிடுவார்.
இந்தப் பனியில் எங்கே போயிருப்பார்கள்,
எடுத்துத்தானே ஆகவேண்டும் என்பாராம்.

நான் எடுத்தது மீன் ஆலையில்,
மேற்பார்வையாளர் அறையில், கையுறையோடு.
"ஹெல்வி கொஸ்கெலா?
உனக்கு இன்னும் இரண்டுதான் பாக்கி.
ஒன்று புள்ளியியல். மற்றது நீச்சல்."
வைத்துவிட்டேன்.
அடுத்த பிப்ரவரியிலும் வைத்துவிட்டேன்.
மூன்றாம் முறை,
"நீச்சலை விதியிலிருந்தே எடுத்தாயிற்று,
மூன்று மாத மல்லுக்கட்டு.
புள்ளியியலை எடுக்கமாட்டேன்" என்றார்.
செதில் ஒட்டிய ரிசீவரைப் பிடித்துக்கொண்டு
சிரித்துவிட்டேன்.

பட்டம் வாங்கிய கையோடு நன்றி சொல்லப் போனால்
என்னை அடையாளம் தெரியவில்லை.
"எந்த ஆண்டு?"
சொன்னேன். நோட்டைத் திறந்து
என் பெயரை அடித்தார்,
மை அடுத்த பக்கத்துக்கும் இறங்குகிற அழுத்தத்தில்.
அவ்வளவுதான். ஒரு காப்பிகூட இல்லை.

கைதட்டல் ஓயுமுன்
பின்கதவு வழியே வந்துவிட்டேன்,
பதிவாளர் அலுவலகத்துக்கு,
என் மேசைக்கு.
இது மூன்றாவது நோட்டு. நீல அட்டை.
கடையில் பச்சை இல்லை.
ஆனால் பச்சையில் அடிக்காத பெயர்கள்
இன்னும் மிச்சம்.
அதன் கடைசிப் பக்கத்தில்
பதினோரு பேர், எல்லாரும் ஒரே ஆண்டு:
செல்லோ, பியானோ, குரல், பியானோ, ஓபோ.
'ஏன்' கட்டத்தில்
அவருடைய குறுகிய கையெழுத்து,
பதினோரு தடவையும், மேற்படிக்குறி போடாமல்:
நான்.
நான்.
நான்.

கிரெட்டா ஓலிலா, செல்லோ, ஹான்காக்.
எண்ணைச் சுழற்றுகிறேன்.
ஆறு மணி அடித்தாயிற்று.
பனி கொட்டுகிறது,
வீட்டில்தான் இருப்பாள்.