பாலத்தில் பதினெட்டாம் தடவை

பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில்
தொள்ளாயிரத்தில் ஆரம்பித்து எழுநூறில் படிந்தது
அந்தக் கையடக்க கேம் மிஷின்.
இடது பட்டன் கொஞ்சம் ஒட்டும்.
உள்ளே ஒரே ஓர் ஆட்டம், சேமித்து வைக்க மூன்று இடம்,
முதல் இடத்தில் ஏற்கெனவே
யாரோ ஒருவருடைய நாற்பத்தேழு மணி நேரம்.

எனக்குக் கடலூர் ஓ.டி.யில் ஐஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
அரைமணிக்கு ஒருதரம் கம்ப்ரசர் முள்ளைப் பார்த்து
நோட்டில் எழுத வேண்டும்.
இடையில் கிடைக்கும் நிமிடங்களில்
நானும் என் ஏழு பேரும்.

பெயர் மாற்றலாம் என்றது ஆட்டம்.
ஈட்டிக்காரனுக்கு எங்கள் லோடு லாரி தில்லைகோவிந்தன்.
வில்காரிக்கு,
பத்தாவது கணக்குப் பரீட்சையில்
பேப்பரைக் கையால் மறைத்துக்கொண்ட ஆரோக்கியமேரி.
ஆறு எழுத்துக்குமேல் ஏறவில்லை.
கோவி, மேரி.

செத்தால் செத்ததுதான் இதில்.
அடுத்த படலத்தில் கூடாரத்தில்
அவர் உட்காரும் இடம் காலியாக இருக்கும்,
மற்றவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

பதினோராம் படலம், பாலம்.

முதல் தடவை நேராகப் போனேன்.
மூன்றாம் சுற்றில் மேற்குக் காட்டிலிருந்து குதிரைகள்.
இரண்டாம் தடவை குதிரைக்கு ஈட்டியை நிறுத்தினேன்,
குன்றின்மேல் ஒரு மந்திரவாதி இருப்பது
அப்போதுதான் தெரிந்தது.
ஐந்தாவது கோபத்தில் ஆடியது,
அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.
ஒன்பதாவதில் ஜெயித்தேன்.
மேரி இல்லை.
மறுபடி முதலிலிருந்து.
"ஜெயிச்சதப் போயி ஏண்டா அழிக்கிற?" என்றான்
பக்கத்து ஸ்டூலில் ஜமால்தீன்.
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன்.
ஆற்றுக்கு அலை, காட்டுக்குப் புள்ளி, குதிரைக்கு 'கு'.
சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்து
"புது டிரெய்னேஜ் பிளானா?" என்றார்.
ஆமாம் சார்.

பதினான்காம் தடவைக்குப் பிறகுதான்
எதிரியை நிமிர்ந்து பார்த்தேன்.
குதிரைக்கு எட்டுவது ஆறு கட்டம்.
ஏழாவதில் நின்றால்
உன்னை அதற்குத் தெரியவே தெரியாது.
எட்டும் தூரத்தில் யாராவது இருந்தால் வரும்,
இருவர் இருந்தால் மெலிந்தவரிடம் வரும்.
அவ்வளவுதான் அதன் மூளை.
அது மேரியைத் தேடி வரவில்லை.
நான்தான் தடவைக்குத் தடவை
அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போய்
ஐந்தாவது கட்டத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் போய்
ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த நேரத்தில்
சும்மா அந்த முதல் இடத்தைத் திறந்தேன்.

அதே பாலம்.
மூன்றாம் சுற்று, பாதியில்.
ஏழு பேரும் உயிரோடு.
மற்ற எல்லாருக்கும் ஆட்டம் கொடுத்த பெயர்,
வில்காரிக்கு மட்டும் 'பாப்பு'.
குதிரையிலிருந்து எண்ணினேன்.
ஐந்தாவது கட்டம்.

இதற்கு மேல் ஆட மனசு வராமல்
விற்றிருப்பாரோ.
பணமுடையாகவும் இருக்கலாம்.
சார்ஜர் தொலைந்திருக்கலாம்.

விரலை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்தேன்.
மருத்துவச்சி ஒரு கட்டம் கீழே இறங்கினால்
பாப்பு பின்வாங்க இடம் இருக்கிறது.
கவசக்காரன் முன்னால் வந்து
முதல் அடியை வாங்கிக்கொள்வான். தாங்குவான்.
ஒரு வழி இருந்தது. எப்போதுமே இருந்திருக்கிறது.
நான் அதைத் தொடவில்லை.
அது என் சுற்று இல்லை.

பதினெட்டாம் தடவை
நான்கு சுற்று ஒருவரையும் நகர்த்தவில்லை.
'காத்திரு', 'காத்திரு', 'காத்திரு' என்று
ஒட்டும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
கவசக்காரன் மட்டும் ஆறாவது கட்டத்தின் ஓரத்தில்.
குதிரைகள் ஒவ்வொன்றாக வந்தன.
கோவி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான்.
மந்திரவாதியின் கடைசி உயிர்ப்புள்ளி
மேரியின் அம்பில்.

கத்தியிருக்க வேண்டும்.
ஆனால் மணி நாலு,
துறைமுகத்துப் போட்டுக்கு ஐஸ் உடைக்கிற சத்தத்தில்
எவன் கேட்பான்.
முள்ளைப் பார்த்து எழுதினேன்,
இருபது நிமிடம் லேட்.

எங்கே சேமிக்க என்று கேட்டது.
இரண்டாவது இடம்.

முதலாவதில்
குதிரைகள் காட்டோரம் நிற்கின்றன இன்னும்.
பாப்புவுக்குப் பின்னால்
ஏழாவது கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.