அடியில் எழுதியது

பெயர் வேண்டாம், எண் போதும்.
மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும்,
அடியில் எழுதுங்கள் என்றார் ஹால்வர்சன்.
சஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
விறைத்த விரல்களால் மார்க்கர் பிடித்து
எழுதினேன்: பதினேழு.

பஞ்சுக்குச்சியை ஈறோரம் உருட்டி எடுத்து
இரத்த அகாரில் இழுத்தோம்,
கையெழுத்துப் போடப் பழகுகிறவர்கள் மாதிரி.
ஒரிஸ்யா தன் குச்சியை முகர்ந்து பார்த்தாள்.
"இந்த வாயோடா நேற்று முத்தம் கொடுத்தேன்?"

இருபத்து நாலு வாய்கள்
காற்றில்லாத ஜாடிக்குள்,
முப்பத்தேழு டிகிரியில், ஆறு நாள்.

அதற்குள் மனப்பாடம்:
மியூட்டன்ஸ், சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குவது.
ஜிஞ்ஜிவாலிஸ், ஈறுக்கடியில் குடியிருப்பது,
காற்றுப் பட்டால் சாவது.
பிறக்கும்போது பிள்ளை வாயில் இவை இல்லை.
யாரோ ஊதிக் கொடுத்த கரண்டியில் வருகின்றன.
எச்சில் படாமல் யாரும் வளர்ந்ததில்லை என்பதைப்
பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டு
அடுத்த அட்டவணைக்குப் போய்விடுகிறது.

கோகிலம் ஆன்ட்டி வீட்டுக் கீழ்த்தளத்தில் என் அறை.
சமையலறை மேலே, பொது.
வந்த வாரமே கேட்டார்:
எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு,
கோயிலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா.
அந்தப் பக்கம் என்றேன்.
"அதனாலென்ன, இங்கே யார் அதெல்லாம் பார்க்கிறாங்க."
மறுநாள் எனக்கென்று ஒரு டம்ளர்.
மற்ற ஐந்தும் அதே எவர்சில்வர், அதே உயரம்.
கழுவிக் கவிழ்க்கும்போதுதான் கண்டேன்,
என்னுடையதன் அடியில்
நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு.

அதே ஆன்ட்டிதான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
படியிறங்கி வந்தார்.
"கடைவாயில ரத்தம் வருதும்மா.
உங்க காலேஜ்ல பாதிக் காசுதானாமே."
நாற்காலி சாய்ந்தது. வாய் திறந்தது.
ஆசிரியர் பார்த்திருக்க, ஈறின் பைக்குள்
அளவுகோல் ஆறு மில்லிமீட்டர் இறங்கிற்று.
என் விரல்கள் அவர் நாக்கின்மேல்.
நடுவில் நீல நைட்ரில், முடியளவு.
"உன் கை மெத்துன்னு இருக்கு" என்றார், துப்பிவிட்டு.

ஜாடி திறந்த நாள். நாற்றத்துக்கு
எல்லோரும் ஒரே மாதிரி மூக்கைப் பிடித்தோம்.
கவிழ்த்து அடுக்கிய தட்டுகளின்மேல்
யாரோ எத்தனால் போத்தலைச் சாய்த்துவிட்டார்கள்.
துடைத்த காகிதத்தில்
இருபத்து நாலு எண்களும் ஒரே நீலக் கறை.

வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார் ஹால்வர்சன்.
"கிருமியைச் சொல்லலாம். ஆளைச் சொல்ல முடியாது."
சுத்தமான தட்டுக்கு நாலைந்து பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.
கறுப்புப் புள்ளி மண்டிய ஒன்று மேசையிலேயே கிடந்தது.
நான் எடுத்துக்கொண்டேன்.
என்னுடையதாகவும் இருக்கலாம்.

பிறகு கிராம் சாயம்.
ஊதா, அயோடின், அதன்மேல்
அசிட்டோன் கலந்த ஆல்கஹால்.
போத்தலோடு கை அந்தரத்தில் நின்றது.
மார்க்கருக்கு எத்தனால் போதும்.
நகப்பூச்சுக்கு இது வேண்டும்.

வழியில் மருந்துக்கடை. நாலு டாலர் நாற்பத்தொன்பது.
இரவு பதினொன்றுக்குப் பஞ்சில் இரண்டு தேய்ப்பு.
பின் கண்ணை மூடிக்கொண்டு
ஆறையும் இடம் மாற்றி மாற்றிக் கவிழ்த்தேன்.
இப்போது எனக்கும் தெரியாது.

காலையில், ஒவ்வொன்றாய் அடி திருப்பிப் பார்க்கும் சத்தம்
படிக்கட்டில் இறங்கி வந்தது. ணங். ணங்.
அப்புறம் அலமாரியில் எதையோ தேடும் சத்தம்.
நான் மேலே போனபோது
பேப்பர் கப்பில் காபி ஊதிக்கொண்டிருந்தார்.
"தூங்கவே இல்லையா?"
"பரீட்சை" என்றேன்.
கைக்கெட்டிய டம்ளரில் தண்ணீர் பிடித்து
வாய் வைத்துக் குடித்தேன்.